பித்தும் சர்க்கரையும் - ஒரு வம்சாவளிக் கணக்கு

திருத்தணி என்றதும் நினைவுக்கு வருவது முருகன், ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள், ஆடிக் கிருத்திகைக் காவடிகள். சூரனோடு போர் முடித்து, வள்ளிக்காக வேடர்களோடும் மோதி, அந்தக் கோபமெல்லாம் தணிந்து முருகன் அமர்ந்த மலை என்பதால் 'தணிகை' என்று தலபுராணம் சொல்கிறது. மனம் தணியாதவர்களை அழைத்துக்கொண்டு ஜனங்கள் இந்தப் பக்கம் வருவதில் வியப்பில்லை. இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் சோளிங்கர் இருக்கிறது. அங்கே சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர். சித்தம் கலங்கியவர்களைத் தக்கான் குளத்தில் நீராட்டி, மலையேற்றி, நாள்கணக்கில் தங்க வைத்தால் தெளிவு பிறக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை.

இன்னொரு நோய்க்கு இந்தப் பக்கத்தில் யாரும் குளத்தைத் தேடுவதில்லை. அது சர்க்கரை. டீக்கடையிலேயே "எனக்கு சக்கரை இல்லாம" என்று சத்தமாகச் சொல்லிவிடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்யாணப் பேச்சில்கூட "பையனோட அப்பாவுக்கு சுகர் உண்டு" என்று சொன்னால் யாரும் எழுந்து போவதில்லை. ஆனால் "சித்தப்பா ஒருத்தருக்கு மனநோய்" என்ற வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டால் அன்றோடு சம்பந்தம் முறிந்தது!

ஒன்றைத் திண்ணையில் வைக்கிறோம், மற்றொன்றைப் பின்கட்டில் பூட்டுகிறோம். ஆனால் இந்த இரண்டு நோய்களும் உறவுக்காரர்களாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்ல ஆரம்பித்து ஏறக்குறைய 150 வருடங்கள் ஆகின்றன. நடுவில் பலமுறை மறந்தும் போயிருக்கிறார்கள். அந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இங்கே மனநோய் என்பது ஸ்கிசோஃப்ரினியா, தமிழில் மனச்சிதைவு நோய். 'அந்நியன்' படத்தில் வருவது இதுவல்ல. ஒரே ஆள் மூன்று ஆளாக மாறுவது வேறு சமாச்சாரம். மனச்சிதைவில், இல்லாத குரல்கள் காதில் கேட்கும். யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று உறுதியாகத் தோன்றும். சிலர் பேச்சைக் குறைத்து, குளிக்காமல், ஒரு மூலையில் ஒடுங்கிவிடுவார்கள். பெரும்பாலும் 15 வயதுக்கும் 30 வயதுக்கும் நடுவில், அதாவது படிப்பு முடித்து வேலை தேடும் வயதில் வந்து சேரும். நூறு பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக, உலகம் முழுக்கவே இருக்கிறது.

நம் முன்னோர்கள் இதை உடம்பின் நோயாகத்தான் பார்த்தார்கள் என்பதற்கு மொழியே சாட்சி. வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் பித்தம் மிஞ்சினால் பித்து. "பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று இன்றும் சொல்கிறோம். மேல்நாட்டிலும் இப்படித்தான். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ், நீரிழிவுக்காரர்களின் சிறுநீர் இனிக்கிறது என்று எழுதியவர் (எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்க வேண்டாம்!). அவரே அந்த நோய்க்கு நீண்ட துக்கம் ஒரு காரணம் என்றும் கருதினார். மூளையை ஆராய்ந்து பெயர் பெற்ற அதே மனிதர்தான் சர்க்கரையையும் கவனித்தார்.

ஆனால் 'குடும்பம்' என்ற கோணத்தைத் தெளிவாக எழுதி வைத்தவர் ஹென்றி மாட்ஸ்லி. இங்கிலாந்தின் புகழ்பெற்ற மனநல மருத்துவர். 1879இல் வெளிவந்த தன் நூலில், பைத்தியம் பரவலாக இருக்கும் குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தலைகாட்டுகிறது என்று குறிப்பிட்டார். அவர் சொன்னது நோயாளியை மட்டும் அல்ல, நோயாளியின் அண்ணன், அத்தை, பெரியப்பா எல்லோரையும் சேர்த்து. 1879 என்ற வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்தில் நம் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது? சென்னையில் 1794இலேயே வாலண்டைன் கனாலி என்ற கம்பெனி சர்ஜன் ஒரு பைத்தியக்கார விடுதி தொடங்கியிருந்தார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற பெரிய இடத்துக்கு மாறியது. இன்றைய அரசு மனநல மருத்துவமனை அதுதான். அதற்கு ஐந்தே வருடத்தில் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணமே சுருண்டு விழுந்தது. திருத்தணி அப்போது வட ஆற்காடு ஜில்லாவில், கார்வேட்டிநகரம் ஜமீனில் இருந்தது. பஞ்சத்தின் கொடுமையைப் பார்த்த ஜில்லாக்களில் அதுவும் ஒன்று. கட்டுரையின் பிற்பகுதியில் பஞ்சத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது.

மாட்ஸ்லிக்குப் பிறகு ஆய்வகங்கள் வந்தன. ரத்தத்தில் சர்க்கரையை அளக்க முடிந்ததும் மருத்துவர்கள் மனநோயாளிகளின் ரத்தத்தையும் அளந்தார்கள். 1919இல் கூய் என்பவர், மனநோயாளிகளிடம் ரத்தச் சர்க்கரை கூடுதலாக இருப்பதை 'பிரெய்ன்' என்ற ஆய்விதழில் எழுதினார். 1920களில் இன்னும் சிலர், குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து, அது ரத்தத்தில் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கோடு போட்டுப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு இறங்கும் வேகத்தில் இவர்களுக்கு இறங்கவில்லை. 1945இல் பிரேஸ்லேண்ட், மெடுனா உள்ளிட்டவர்கள், மனச்சிதைவு நோயாளிகளிடம் இன்சுலின் தாமதமாகவே வேலை செய்கிறது என்றார்கள்.

இதில் ஒரு சந்தேகத்துக்கு இடம் உண்டு. அன்றைய விடுதிகளில் நோயாளிகள் வருடக்கணக்கில் அடைந்து கிடந்தார்கள். நல்ல சாப்பாடு இல்லை, நடமாட்டம் இல்லை. பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று குளுக்கோஸ் கொடுத்தால் யாருக்குமே கோடு வளையத்தான் செய்யும். ஆகவே அந்தப் பழைய எண்களை அப்படியே நம்பிவிட முடியாது. ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது.

இந்த இடத்தில் வரலாறு ஒரு விசித்திரமான திருப்பம் எடுக்கிறது. 1921-22இல் கனடாவின் டொரன்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டுச் சர்க்கரை நோயாளிகளுக்கு உயிர்ப்பிச்சை கிடைத்தது. பத்து வருடம் கழித்து அதே இன்சுலின் மனச்சிதைவு நோயாளிகளுக்கும் வந்தது. எதற்கு? சர்க்கரையைச் சரிசெய்யவா? இல்லை... அவர்களை மயக்கத்தில் ஆழ்த்த!

மான்ஃப்ரெட் சாகெல் என்ற மருத்துவர் 1933இல் வியன்னாவில் இதை அறிவித்தார். நோயாளிக்கு அதிக அளவில் இன்சுலின் ஏற்றுவார்கள். ரத்தத்தில் சர்க்கரை விழுந்து, வியர்த்துக் கொட்டி, சிலருக்கு வலிப்பு வந்து, கடைசியில் கோமா. சிறிது நேரம் அப்படியே விட்டு, பிறகு குளுக்கோஸ் கொடுத்து எழுப்புவார்கள். வாரத்தில் ஐந்தாறு நாள், பல வாரங்கள். எழாமலே போனவர்களும் உண்டு. உலகம் முழுவதும் இது பரவியது, இந்திய மனநல மருத்துவமனைகளிலும் நடந்தது. 1994இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஜான் நாஷ் 1961இல் அமெரிக்காவில் இதைத்தான் அனுபவித்தார். 'விளையாட்டுக் கோட்பாடு' என்று காமர்ஸ், எகனாமிக்ஸ் மாணவர்கள் படிக்கிறார்களே, அந்த நாஷ். அவருடைய மகனுக்கும் அதே நோய் வந்தது என்பது குடும்பக் கோணத்துக்கு இன்னொரு சாட்சி.

ஹெரால்ட் பூர்ன் என்ற இளம் மருத்துவர் 1953இல் 'லான்செட்' இதழில் இது வெறும் கட்டுக்கதை என்று எழுதியபோது பெரியவர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். 1957இல் லண்டனில் நடந்த ஒரு சோதனையில் ஒரு குழுவுக்கு இன்சுலின் கோமா, மறு குழுவுக்குத் தூக்க மருந்தால் மயக்கம். இரண்டுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. குணமானதாகத் தெரிந்ததற்குக் காரணம் இன்சுலின் அல்ல. அத்தனை நாளும் செவிலியர்கள் பக்கத்திலேயே இருந்து கவனித்ததும், நன்றாகத் தேறக்கூடியவர்களையே தேர்ந்தெடுத்ததும் உதவியிருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். இருபது வருடத்துக்கும் மேலாக ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சர்க்கரையை ஏற்றி இறக்கியவர்கள், அந்த உடம்பில் சர்க்கரை ஏன் வேறுவிதமாக நடந்துகொள்கிறது என்ற பழைய கேள்வியைத் தொடரவில்லை என்பதுதான் வேதனை.

தொடராமல் போனதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் வந்தது. மனச்சிதைவுக்கு உண்மையாகவே வேலை செய்த முதல் மாத்திரை. சங்கிலிகள் கழன்றன. விடுதிகளில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். சென்னையில் இந்த மாற்றத்தின் முகமாக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளர். 1984இல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். 2021 டிசம்பரில் மறைந்தார்.

புதிய மாத்திரையோடு புதிய சந்தேகமும் வந்தது. 1956இலேயே குளோர்புரோமசின் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது என்ற குறிப்பு அமெரிக்க மருத்துவ இதழில் வந்துவிட்டது. 1960களில் 'ஃபினோதையாசின் நீரிழிவு' என்று அதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். பிறகு குளோசபின், 1996இல் ஒலான்சபின். குரல்களை அடக்குவதில் கெட்டிக்காரர்கள், எடையை ஏற்றுவதிலும் கெட்டிக்காரர்கள்! சில மாதத்தில் பத்து கிலோ ஏறியவர்கள் உண்டு. 2003இல் அமெரிக்க எஃப்.டி.ஏ., இந்த வகைப் புதிய மருந்துகள் அனைத்தின் உறையிலும் சர்க்கரை எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது.

இதோடு "மாத்திரையால்தான் சர்க்கரை" என்று தீர்ப்பு எழுதிவிடலாம் என்று தோன்றுகிறதா? இப்போது அந்த 1879ஐ எடுங்கள். மாட்ஸ்லி எழுதியது குளோர்புரோமசினுக்கு 73 வருடம் முன்பு. அன்று ஒரு மாத்திரையும் கிடையாது.

கணக்கியல் படிப்பவர்களுக்குக் கூட்டுச் செலவு என்ற தலைவலி தெரிந்திருக்கும். ஒரே ஆலையில் இரண்டு பொருள் தயாராகும்போது மின்சாரச் செலவை எந்தப் பொருளின் கணக்கில் எழுதுவது? இங்கும் அதே சிக்கல். ஏறிய சர்க்கரையில் எவ்வளவு மாத்திரையின் பங்கு, எவ்வளவு நோயின் பங்கு, எவ்வளவு நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதன் பங்கு, எவ்வளவு பீடி சிகரெட்டின் பங்கு? பிரிப்பதற்கு ஒரே வழிதான். மாத்திரையே சாப்பிடாத நோயாளிகளைத் தேட வேண்டும்.

நியூயார்க்கில் பணியாற்றிய சுக்தேப் முகர்ஜி 1989இல் வேறு வழியாக வந்தார். மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பத்தில் சர்க்கரை எத்தனை பேருக்கு என்று விசாரித்து, அது கூடுதலாக இருப்பதை 'லான்செட்'டில் எழுதினார். உறவினர்கள் மனநல மாத்திரை சாப்பிட்டவர்கள் அல்லவே! மாட்ஸ்லி சொன்னதற்கு 110 வருடம் கழித்து ஒரு மறுபதிப்பு. 2003இல் டப்ளினில் ரயன், தாகோர் குழுவினர், நோய் புதிதாகத் தொடங்கி இன்னும் ஒரு மாத்திரையும் விழுங்காத 26 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 15 சதவீதத்துக்கு மேல் வெறும் வயிற்றில் சர்க்கரை இயல்பைத் தாண்டியிருந்தது. ஒப்பிடப்பட்ட ஆரோக்கியமானவர்களில் ஒருவருக்கும் இல்லை. 26 பேர் என்பது சின்ன எண்தான். ஆனால் 2017இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு இதுபோன்ற பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோதும் திசை மாறவில்லை. நோயின் முதல் கட்டத்திலேயே குளுக்கோஸைக் கையாளும் திறன் சற்றுக் குறைந்திருக்கிறது. அதே வருடம் டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு அன்டோ ராஜ்குமார் குழுவினர் கணக்கிட்டதில், மாத்திரை தொடங்காத நிலையிலேயே இந்த நோயாளிகளுக்கு நீரிழிவு அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு. மாத்திரை தொடங்கியபின் இன்னும் கூடியது.

மேல்நாட்டுக் கதை இது. நம் ஊரில்? இங்குதான் விஷயம் சுவாரசியமாகிறது.

மேல்நாடுகளில் மாத்திரை சாப்பிடாத நோயாளி என்றால் ஓரிரு வாரமாகத்தான் நோய் உள்ளவர். அங்கே உடனே மருத்துவமனை. தமிழ்நாட்டிலோ பத்து இருபது வருடமாக நோயோடு, ஒரு மாத்திரையும் பார்க்காமல், கோயில் திண்ணையிலும் வீட்டின் பின்புறத்திலும் வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். ஸ்காட்லாந்தின் மருத்துவர் மக்ரீடி 1990களில் இவர்களுக்காகவே சென்னைக்கு வந்து ஸ்கார்ஃப் மருத்துவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நம் ஏழ்மைதான் அவர்களுக்கு ஆய்வுக்கூடம் ஆனது.

2010இல் பத்மாவதி, மக்ரீடி, திருப்பதி ஆகியோர் அப்படிச் சிகிச்சையே பெறாத நீண்டகால நோயாளிகளின் எடை, இடுப்பளவு, ரத்தம் எல்லாம் பார்த்து வெளியிட்டார்கள். மாட்ஸ்லி சொன்னதுபோலச் சர்க்கரை கொட்டிக் கிடந்ததா? இல்லை! உடல் பருமன் குறைவு, சர்க்கரையும் கொழுப்பும் கைகோத்து வரும் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' குறைவு. ஒல்லியான மனிதர்கள்.

மறு வருடமே, 2011இல், இன்னொரு சென்னை ஆய்வு வந்தது. ஸ்கார்ஃபும் டாக்டர் வி. மோகனின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்தது. மனச்சிதைவு நோயாளிகள் 207 பேர், அந்த நோய் இல்லாத சென்னைவாசிகள் 207 பேர். நீரிழிவு நோயாளிகளில் 15.8 சதவீதம், மற்றவர்களில் 7.3 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல். பருமனும் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஒரே தமிழ்நாடு, ஒரே நோய், இரண்டு விடை. மாத்திரை ஒன்றுதான் வித்தியாசம் என்று அவசரப்பட வேண்டாம். சிகிச்சை பெறாதவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அவர்கள் தட்டில் சோறு குறைவு, கால்களில் நடை அதிகம். விதை இருந்தாலும் தண்ணீர் பாய்ந்தால்தானே முளைக்கும்? குடும்பத்தில் ஒரு பலவீனம் இருந்தாலும், உட்கார்ந்த வாழ்க்கையும் அரிசிச் சோறும் எடை ஏற்றும் மாத்திரையும் சேரும்போதுதான் அது சர்க்கரையாக வெளிவருகிறது என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

சரி, அந்த விதை எது? மரபணு விஷயத்துக்கு வருவோம்.

இரண்டு நோயும் குடும்பத்தில் ஓடுபவை. ஒரே மாதிரி இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் மற்றவருக்கு வர வாய்ப்பு ஏறத்தாழ 50 சதவீதம் வரை. கூடப்பிறந்தவருக்கு பத்து சதவீதத்துக்கு அருகில். சர்க்கரையில் நமக்குச் சொந்த ஆதாரமே உண்டு. 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய டாக்டர் எம். விஸ்வநாதனும் அவர் குழுவும், தாய் தந்தை இருவருக்கும் சர்க்கரை இருந்தால் பிள்ளைகள் எந்த அளவு பாதிக்கப்படுகிறார்கள் என்று 1985இல் காட்டினார்கள்.

இந்த வம்சாவளி விஷயத்தில் திருத்தணியைப் போன்ற ஊர் ஒரு நல்ல பாடம். 1911 வரை வட ஆற்காடு. பிறகு சித்தூர் ஜில்லா. 1953இல் அந்த ஜில்லாவோடு ஆந்திராவுக்குப் போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடியதன் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று மீண்டும் சென்னை மாநிலம். 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். முகவரி இத்தனை தரம் மாறியும், புத்தூர், நகரி பக்கம் பெண் கொடுத்து எடுத்தது நின்றுவிடவில்லை. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே முடிக்கும் வழக்கமும் உண்டு. அரசாங்கம் கோடு போடலாம், ரத்தம் அதன் வழியில்தான் போகும்.

நோய்க்குக் காரணமான மரபணுவைத் தேடுபவர்களுக்கு இப்படிப்பட்ட குடும்பங்கள் பெரிய உதவி. ஆஸ்திரேலியாவின் பிரையன் மவ்ரி குழுவும் ஸ்கார்ஃபும் தமிழ்நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து, முதலாம் குரோமோசோமின் ஒரு பகுதியில் மனச்சிதைவுக்கான தடயம் இருப்பதாக 2009இல் அறிவித்தார்கள்.

சர்க்கரைப் பக்கத்தில் 2006இல் ஐஸ்லாந்தில் ஒரு பெரிய மீன் சிக்கியது. டிசிஎஃப்7எல்2 என்ற மரபணு. இரண்டாம் வகை நீரிழிவோடு இவ்வளவு வலுவான தொடர்பு அதுவரை வேறெந்தப் பொது மரபணு மாற்றத்துக்கும் கிடைக்கவில்லை. சென்னையில் மோகன் குழுவினர் 2007இல் நம் மக்களிடமும் அது உண்மை என்று உறுதிசெய்தார்கள். 2011இல் டென்மார்க்கிலிருந்து வந்த செய்திதான் எல்லோரையும் நிமிர வைத்தது. நீரிழிவு அபாயத்தைக் கூட்டும் அதே மாற்றம் மனச்சிதைவு நோயாளிகளிடமும் கூடுதலாகத் தென்பட்டது. இந்த மரபணு கணையத்தில் மட்டுமல்ல, மூளை வளரும்போதும் வேலை செய்கிற ஒன்று. மாட்ஸ்லியின் குடும்பங்களுக்கு ஒரு சாவி கிடைத்துவிட்டதோ?

கிடைத்தது ஒரு சாவிதான். பூட்டுகளோ நூற்றுக்கணக்கில். 2014இல் மனச்சிதைவோடு தொடர்புள்ள 108 மரபணு இடங்கள் தெரியவந்தன. 2022இல் அது 287 ஆனது. ஒவ்வொன்றும் தருவது துளி அபாயம். அத்தனை துளிகளையும் கூட்டி, நீரிழிவின் மொத்த மரபணுக் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒட்டுமொத்தப் பொருத்தம் பூஜ்ஜியத்துக்கு அருகில்தான் வந்தது. உடல் பருமனோடு பார்த்தால் சற்றே எதிர்த்திசை. மனச்சிதைவு அபாயத்தைக் கூட்டும் மரபணுக்கள் மெலிந்த உடலின் பக்கம் லேசாகச் சாய்கின்றன! ஆகவே இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம் என்பது மிகைப்படுத்தல். சில இடங்களில் மட்டும் பொதுச் சுவர் உள்ள இரண்டு தனி வீடுகள் என்பது சரியாக இருக்கும்.

2019இல் சென்னை நோயாளிகளும் குடும்பங்களும் பங்கேற்ற ஒரு பெரிய மரபணு ஆய்வு அமெரிக்க இதழில் வந்தது. மவ்ரி, பெரியசாமி, பத்மாவதி, தாரா உள்ளிட்டோர் செய்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுவைப் பார்த்ததில் அவர்கள் விரல் போய் நின்ற இடம் என்ஏபிஆர்டி1 என்ற மரபணு. அதன் வேலை என்ன? நியாசினை, அதாவது வைட்டமின் பி3ஐ, என்ஏடி என்ற பொருளாக மாற்றுவதில் பங்கெடுப்பது. என்ஏடி இல்லாமல் நம் செல்களால் குளுக்கோஸிலிருந்து சக்தி எடுக்க முடியாது. மாத்திரைக்கும் சோற்றுக்கும் முன்பே, உடம்பு சர்க்கரையை எரிக்கும் அடுப்பிலேயே ஏதோ ஒரு திரி சரியில்லை போலிருக்கிறது.

நியாசினுக்கும் மனதுக்கும் உள்ள உறவும் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. நியாசின் குறைந்தால் பெலாக்ரா என்ற நோய் வரும். தோல் கருகும், வயிறு போகும், மனம் குழம்பும். சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், குன்னூரிலிருந்து 1958இல் ஹைதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, சோளமே உணவாக உண்ட தக்காண ஏழைகளிடம் பெலாக்ரா இருப்பதைக் கண்டு, சோளத்தில் உள்ள லூசின் என்ற அமினோ அமிலம் அதற்குக் காரணமாகலாம் என்று 1960இல் எழுதினார். மனக் குழப்பத்தோடு வந்தவர்களில் சிலருக்கு மந்திரமும் வேண்டியதில்லை, ஷாக்கும் வேண்டியதில்லை. வைட்டமின் போதும். ஆனால் எல்லா மனச்சிதைவுக்கும் நியாசின் மருந்து என்று கிளம்பிவிடக் கூடாது. 1950களில் கனடாவில் அப்படிக் கிளம்பியவர்களின் முடிவுகள் பிறகு நடந்த சோதனைகளில் நிற்கவில்லை.

பஞ்சத்துக்கு ஒரு பங்கு உண்டென்று மேலே சொன்னோம் அல்லவா? 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகளின் தடையால் நெதர்லாந்து நகரங்கள் பட்டினி கிடந்தன. அந்தப் பட்டினியின் உச்சத்தில் கருவானவர்கள் வளர்ந்தபின் பார்த்தால், மனச்சிதைவு இரண்டு மடங்கு. அதே பஞ்சத்தில் கருவிலிருந்து வளர்ந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது குளுக்கோஸைக் கையாளும் திறனும் குறைந்திருந்தது. ஒரே பட்டினி, ஒரே கரு, இரண்டு நோய். சீனாவின் 1959-61 பஞ்சத்திலும் மனச்சிதைவுக் கணக்கு இதுபோலவே வந்தது. மரபணு என்று நாம் நினைக்கும் பலவற்றில் தாயின் வெறும் வயிறும் கலந்திருக்கிறது. தாது வருஷத்தில் கருவானவர்கள் வட ஆற்காட்டில் எத்தனை பேரோ, அவர்களை யாரும் சோதித்ததில்லை.

இந்த வரலாற்றை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும்? இதில் ஒரு பாதியை மட்டும் தெரிந்துகொள்வது ஆபத்து என்பதால்.

"இந்த மாத்திரையாலதான் என் பிள்ளைக்கு சுகர் வந்தது" என்று மாத்திரையைக் குப்பையில் போடும் வீடுகள் உண்டு. குரல்கள் திரும்ப வரும். தற்கொலையில் முடிவதும் உண்டு. பின்லாந்தில் பதினொரு வருடப் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். மாத்திரையே எடுக்காதவர்களைவிட நீண்டகாலம் எடுத்தவர்களிடம் மரணம் குறைவு. மிகக் குறைந்த மரணம் எந்த மருந்தில் தெரியுமா? சர்க்கரையை ஏற்றுவதில் பேர்போன குளோசபினில்! இதைக் கேட்டால் பலருக்கு நம்பவே முடியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. "மனநோயாளிதானே, தலைக்குத்தான் வைத்தியம்" என்று உடம்பைப் பார்க்காமல் விடுவது. மனச்சிதைவு நோயாளிகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 15 வருடம் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலகளாவிய கணக்குகள் சொல்கின்றன. தற்கொலை ஒரு காரணம், ஆனால் பெரும் பங்கு மாரடைப்பும் சர்க்கரையும் அதன் கூட்டாளிகளும். மனம் தேறி வீட்டுக்கு வந்தவர் இதயத்தால் போகிறார்.

மூன்றாவது, "உங்க வம்சத்துலதான் வந்தது" என்று மருமகளையோ அவள் பிறந்த வீட்டையோ குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது. 287 இடங்களில் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கும் அபாயம் எந்த ஒரு வம்சத்தின் தனிச்சொத்தும் அல்ல. அந்தத் துளிகளில் பல, இதைப் படிக்கும் எல்லோரிடமும் இருக்கின்றன.

குளத்தையும் மலையையும் குறைசொல்ல வேண்டியதில்லை. அங்கே கிடைக்கும் அரவணைப்பு சிலருக்கு உதவுகிறது என்பதைத் தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியவர்களைப் பரிசோதித்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு கருகிய 28 பேரையும் மறக்க முடியாது. திருத்தணியிலிருந்து மின்சார ரயில் ஏறினால் சென்னை. சோளிங்கருக்குப் போனவர்களும் அந்த ரயிலில் ஏறலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை.

2004இல் அமெரிக்க நீரிழிவு, மனநல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து ஒரு முறை வகுத்தன. மாத்திரை தொடங்கும் அன்றே எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் குறிக்க வேண்டும். குடும்பத்தில் சர்க்கரை உண்டா என்று கேட்க வேண்டும். சர்க்கரையை 12 வாரத்தில் ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். எடை ஏறினால் மருந்தை மாற்றலாம், மெட்ஃபார்மின் சேர்க்கலாம். அதுவோ அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் சாதாரண மாத்திரை.

2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைத் தருகிறார்கள். வாசலில் வந்து நின்று "வீட்ல யாருக்கெல்லாம் சுகர் பாக்கணும்" என்று அவர்கள் கேட்கும்போது, தாத்தா பாட்டியோடு பின்கட்டில் இருப்பவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம்.